மனம் தேறியவர்க்கு ஒரு பாடசாலை

சென்னையினின்றும் திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருஞ்சாலையைக் கடலூரினின்றும் விருத்தாசலம் வழியாகச் சின்னசேலம் செல்லும் சாலை குறுக்கே வெட்டிச் செல்லுமிடத்தில் வேப்பூர் இருக்கிறது. ஆட்டுச் சந்தையாலும், இரவு பகல் ஓயாத வண்டிப் போக்குவரத்தாலும் நம்மவர் பலருக்கும் தெரிந்த ஊர். நாம் இன்று இவ்வூரைப் பற்றி எழுதப் புகுந்தது சந்தையைக் குறித்தும் அன்று, சாலையைக் குறித்தும் அன்று. இவ்வூரிலும், இதைச் சுற்றியுள்ள நூற்றுக்கணக்கான கிராமங்களிலும், மனோவியாதிக்கு ஆளாகி, மருந்துண்டு, ஓரளவு தேறி, வீடு திரும்பி, அதன்பின் எவராலும் கவனிக்கப்படாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நம் சகோதர சகோதரிகளைக் குறித்து எழுதுகிறோம்.

அவர்கள் நிலை எப்படிப்பட்டதென்று நேயர்கள் அறியாதவர்கள் அல்லர். ஒருவன் இருபத்திரண்டு வயதில் திடீரென்று தூக்கம் கெட்டு, காதில் குரல்கள் கேட்கத் தொடங்கி, அடுத்த வீட்டார் தனக்குச் சூனியம் வைத்ததாகச் சொல்லித் திரிகிறான். வீட்டார் முதலில் மந்திரவாதியிடமும், பின்பு கோயிலுக்கும், கையிலிருந்த நகை தீர்ந்த பிறகு அரசினர் மருத்துவமனைக்கும் அழைத்துப் போகிறார்கள். மருந்து வேலை செய்கிறது. ஆறு மாதத்தில் குரல்கள் அடங்குகின்றன. ஊருக்குத் திரும்புகிறான். இங்கேதான் இரண்டாவது வியாதி ஆரம்பமாகிறது. அவனை நடவுக்குக் கூப்பிடுவாரில்லை. கல்யாணத்துக்கு அழைப்பாரில்லை. வீட்டில் நிலம் விற்கும் பேச்சு நடந்தால் அவனை வெளியே அனுப்பிவிட்டுப் பேசுகிறார்கள். பெற்றோர் வைத்த பெயரை மறந்து ஊரார் வேறொரு பெயரால் அழைக்கிறார்கள். மாத்திரையினால் உடம்பு கனக்கிறது, கை நடுங்குகிறது. ஏன் நடுங்குகிறது, எவ்வளவு நாள் உண்ண வேண்டும் என்று அவனுக்குச் சொன்னவர் எவருமில்லை. ஒரு நாள் மாத்திரையை நிறுத்துகிறான். அடுத்த போகம் அறுவடைக்கு வருமுன்னே வியாதி திரும்பிவிடுகிறது. "பார்த்தீர்களா, பைத்தியம் தெளியுமா?" என்று ஊர் தீர்ப்புச் சொல்கிறது.

தெளியும் என்பதற்கு நம் சென்னை நகரமே சாட்சி. 1981-ஆம் ஆண்டு தொடங்கி, மனச்சிதைவு நோய் முதன்முறையாகக் கண்ட 90 பேரைச் சென்னை மருத்துவர்கள் ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். 10 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அவர்களுள் பெரும்பாலோருக்கு நோயின் கடுமை தணிந்திருந்தது. வேலைக்குச் சென்றவர்களும், மணம் புரிந்து குடும்பம் நடத்தியவர்களும் கணிசமாக இருந்தார்கள். உலக மருத்துவ ஏடுகள் இதை எடுத்துப் பேசின. ஆனால் வேப்பூர்த் தேநீர்க் கடையில் இச்செய்தியை எவரும் வாசித்துக் காட்டவில்லை.

இது ஏதோ ஒருசிலருக்கு நேர்ந்த துன்பம் என்று தள்ளிவிடவும் இயலாது. பெங்களூரிலுள்ள தேசிய மனநல நிலையத்தார், தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015-16-ஆம் ஆண்டுகளில் நடத்திய கணக்கெடுப்பில், வயது வந்தோர் 100 பேருக்கு 10 பேருக்கு மேல் ஏதேனுமொரு மனநலக் குறை உடையவரெனக் கண்டார்கள். சிகிச்சை பெற வேண்டியவர்களுள் அதைப் பெறாதவர், குறையின் வகைக்கேற்ப, 100-க்கு 70 முதல் 92 வரை. ஒரு தாலுகாவில் எத்தனை ஆயிரம் பேர் என்பதை நேயர்களே பெருக்கிப் பார்த்துக் கொள்ளலாம்.

சட்டம் இல்லாமற் போகவில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதத்தில் அமலுக்கு வந்தது. மனநோயுற்றோர் சமுதாயத்தின் நடுவே வாழும் உரிமை உடையவரென்றும், சங்கிலியால் பிணைத்தல் ஆகாதென்றும், சர்க்கார் செலவில் சிகிச்சை பெறும் உரிமை யாவர்க்கும் உண்டென்றும் அது கூறுகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஒப்புக் கொள்ளப்பட்ட 21 வகைக் குறைபாடுகளுள் மனநோயும் ஒன்று. இவ்வளவும் எழுத்தில் இருக்கின்றன. எழுத்தை வாசித்துத் தன் உரிமையை அறிந்து கொள்ள வேண்டியவனுக்கு அதைக் கற்பிக்கும் பொறுப்பை மட்டும் யாரும் ஏற்கவில்லை.

கற்பிக்காமையின் விலை என்ன என்பதை இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடி நமக்குக் காட்டிவிட்டது. 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி விடியற்காலையில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஓர் ஓலைக் கொட்டகையில் தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தமையால் ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்ட தாய் தந்தையர் கொடியவர்கள் அல்லர். வேறென்ன செய்வதென்று தெரியாதவர்கள். மருத்துவமனைக்கும் கொட்டகைக்கும் இடையே மூன்றாவதாக ஓர் இடம் இருக்கக்கூடும் என்று அவர்களுக்கு எவரும் சொன்னதில்லை.

அந்த மூன்றாவது இடத்துக்குத்தான் பாடசாலை என்று நாம் பெயரிடுகிறோம். இங்கிலாந்தில் இதை மீட்சிக் கல்லூரி என்கிறார்கள். அமெரிக்காவின் அரிஸோனா மாகாணத்தில் முளைத்த யோசனையைத் தழுவி, 2009-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரின் தென்மேற்குப் பகுதியில் இத்தகைய முதற் கல்லூரி தொடங்கப்பட்டது. இரண்டாண்டுக்குப் பின் நாட்டிங்ஹாமில் இன்னொன்று. 2023-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி, 28 நாடுகளில் 221 கல்லூரிகள் நடைபெறுவதாகக் கணக்கிட்டது. கீழ்த்திசையில் ஜப்பானியரும் ஹாங்காங்கினரும் இதைக் கைக்கொண்டுவிட்டார்கள்.

கல்லூரி என்றவுடன் மாளிகையையும் மணிக்கூண்டையும் நினைக்க வேண்டாம். நாலைந்து அறைகளும், ஒரு பாட அட்டவணையும், வந்தவரை வரவேற்க ஒருவரும் இருந்தால் போதும். அட்டவணையைப் பார்த்துத் தனக்கு வேண்டிய பாடத்தில் எவரும் தாமே பெயர் கொடுத்துச் சேரலாம். வைத்தியருடைய சீட்டு வேண்டியதில்லை. கட்டணம் இல்லை. தூக்கம் கெட்டவர் தூக்கத்தைப் பற்றிய பாடத்துக்குப் போகிறார். மாத்திரையைப் பற்றி ஐயமுடையவர் அதற்குரிய பாடத்துக்குப் போகிறார். சோர்வு, அச்சம், கடன் நிர்வாகம், மீண்டும் வேலைக்குச் செல்லுதல், தன் கதையைத் தானே எழுதுதல் என்று பாடங்கள் பல. சில வாரங்களில் ஒவ்வொன்றும் முடிந்துவிடும்.

இதில் இரண்டு விசேஷங்கள் உண்டு. ஒவ்வொரு பாடத்துக்கும் ஆசிரியர் இருவர். ஒருவர் அத்துறையில் கற்றுத் தேர்ந்தவர், மற்றவர் அந்நோயைத் தாமே அனுபவித்து மீண்டவர். பாடத்தை இருவரும் சேர்ந்தே வகுக்கிறார்கள், சேர்ந்தே நடத்துகிறார்கள். இது முதலாவது. இரண்டாவது, நோயுற்றவர், அவருடைய தாய், அவருடைய வைத்தியசாலைத் தாதி, மூவரும் ஒரே பலகையில் மாணவராக உட்காருகிறார்கள். நோயாளி என்ற பெயரைக் கழற்றி வாயிலில் வைத்துவிட்டு மாணவன் என்ற பெயரோடு உள்ளே வருவதில் எவ்வளவு பெரிய மாறுதல் இருக்கிறதென்பதை, சிறைக் கதவுக்குள் எண்ணைப் பெயராகக் கொண்டு வாழ்ந்த தேசத் தொண்டர்களின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

ஆங்கிலேயரிடமிருந்து கற்க வேண்டுமா என்று முகஞ்சுளிக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. இக்கருத்தின் வேர் நம் மண்ணிலேயே இருக்கிறது. 1950-களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனைக்குத் தலைவராயிருந்த டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை வரவழைத்து, மருத்துவமனைத் தோட்டத்தில் கூடாரமடித்துத் தங்கச் செய்தார். நோயாளியையும் உறவினரையும் ஒருங்கே உட்காரவைத்து, நோய் எதனால் வருகிறது, வீட்டில் எப்படி நடந்து கொள்வது என்பதையெல்லாம் தாமே பாடமாகச் சொன்னார். அறிவு பெற்ற குடும்பங்கள் நோயாளியைக் கைவிட்டு ஓடவில்லை. அழைத்துக் கொண்டு வீடு திரும்பின. நம் வேலூரிலும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் 1957-ஆம் ஆண்டில் பாகாயத்தில் ஏற்படுத்திய மனநல நிலையத்தில், உறவினர் ஒருவர் நோயாளியுடன் தங்குவதையே முறையாக வைத்தார்கள். மேனாட்டார் மருத்துவமனைகளில் உறவினரை வாயிலில் நிறுத்திவைத்திருந்த காலம் அது.

சென்னைக் கீழ்ப்பாக்கத்து மருத்துவமனையின் கதையும் சொல்லத் தக்கதே. 1794-ஆம் ஆண்டில் கும்பெனியார் காலத்தில் தோன்றிய காப்பகம், 1871-ஆம் ஆண்டில் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. வெகுகாலம் அது அடைத்து வைக்கும் இடமாகவே இருந்தது. 1961-ஆம் ஆண்டில் அதன் தலைமையை ஏற்ற டாக்டர் சாரதா மேனன், நோயாளிகள் ரொட்டி சுடுதல் முதலான தொழில்களில் ஈடுபடும்படியான ஏற்பாடுகளை வளர்த்தார். 1984-ஆம் ஆண்டில் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சிக்கும் மறுவாழ்வுக்குமாகத் தனி ஸ்தாபனம் ஒன்றை நிறுவினார். 'ஸ்கார்ஃப்' என்று அதை அழைக்கிறார்கள். 1993-ஆம் ஆண்டில் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்னும் இரு இளம் பெண்கள், தெருவில் திரிந்த மனநோயுற்ற ஸ்திரீகளுக்காகச் சென்னையில் 'பான்யன்' என்ற இல்லத்தைத் தொடங்கினார்கள். இவையெல்லாம் பெரும் தொண்டுகள். என்றாலும் வேப்பூரிலிருந்து சென்னை எட்டும் தொலைவில் இல்லை. பஸ் கட்டணமும், ஒரு நாள் கூலியும், கூடவே வரும் துணையாளின் கூலியும் சேர்த்துப் பார்த்தால், சேவை இலவசமாக இருந்தாலும் அதை அடைவது இலவசமன்று.

மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 1996-97-ஆம் ஆண்டில் இந்தியாவில் அது முதன்முதல் தொடங்கிய ஒருசில ஜில்லாக்களுள் நமக்கு அண்டையிலுள்ள திருச்சிராப்பள்ளியும் ஒன்று. 14416 என்ற எண்ணில் தொலைபேசி வாயிலாக ஆலோசனை பெறும் ஏற்பாடும் 2022 அக்டோபர் முதல் நடந்து வருகிறது. இவற்றை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மருந்து கொடுப்பது ஒன்று, வாழக் கற்பிப்பது வேறொன்று. கூட்டம் நிறைந்த வெளிநோயாளர் பிரிவில் ஒருவருக்குச் சில நிமிஷங்களே கொடுக்க முடிகிற வைத்தியரிடம், "இனி என் வாழ்க்கை என்ன?" என்று எப்படிக் கேட்பது?

கிராமத்தில் இத்தகைய வேலை நடக்குமா என்ற கேள்விக்கும் விடை கிடைத்திருக்கிறது. காஞ்சிபுரம் ஜில்லாவிலும், கோவாவிலும், மகாராஷ்டிரத்துச் சதாராவிலும் மனச்சிதைவு நோயுடைய 282 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தி, 2014-ஆம் ஆண்டில் அதன் முடிவை வெளியிட்டார்கள். ஒரு சாராருக்கு மருத்துவமனைச் சிகிச்சை மட்டும். மற்றொரு சாராருக்கு அதனோடுகூட, வைத்தியரல்லாத உள்ளூர்ப் பயிற்சிபெற்ற ஊழியர்கள் வீடு தேடிச் சென்று, நோயைப் பற்றி நோயாளிக்கும் குடும்பத்துக்கும் விளக்கினார்கள். மருந்தை ஒழுங்காக உண்ணவும், வேலை தேடவும், இகழ்ச்சியை எதிர்கொள்ளவும் துணை நின்றார்கள். இரண்டாம் சாரார் சற்று மேலான நிலையை அடைந்தார்கள். அந்த நன்மை தெளிவாகத் தெரிந்தது நம் தமிழ்நாட்டுக் கிராமங்களில்தான். பயன் மிகப் பெரிதென்று சோதனை செய்தவர்களே சொல்லவில்லை. நாமும் சொல்லமாட்டோம். மீட்சிக் கல்லூரிகளைப் பற்றியும் ஒப்பிட்டு நிறுத்துப் பார்க்கும் கடுமையான சோதனைகள் இன்னும் மிகச் சிலவே. மாணவர்கள் நம்பிக்கை பெற்றதாகவும், வேலைக்கும் மேற்படிப்புக்கும் சென்றதாகவும் அறிக்கைகள் கூறுகின்றன. பாடசாலை வைத்தியத்துக்குப் பதிலாக நிற்கும் என்று எவரேனும் சொன்னால், அவரை நேயர்கள் நம்பவேண்டாம். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் பள்ளிக்கூடம் நமக்கு வேண்டவே வேண்டாம்.

இனி வேப்பூருக்கு வருவோம். இங்கே கட்டடம் எழுப்பப் பணம் கேட்டுச் சர்க்காரிடம் மனுப்போட்டுப் பத்தாண்டு காத்திருக்க வேண்டியதில்லை. 1948-ஆம் ஆண்டில் சென்னை மாகாணம் இந்திய நாட்டுக்கே வழிகாட்டியாகப் பொது நூலகச் சட்டத்தை இயற்றியது. அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் ஜனங்களிடம் வசூலாகி வருகிறது. நூலகம் புத்தகம் அடுக்கும் அறை மட்டுமா? மாலையில் இருபது பேர் உட்கார்ந்து பேச அதில் இடம் கொடுத்தால், வரி கொடுத்தவனுக்கு அதன் பயன் திரும்பி வருகிறது. நூலகம் போதாத கிராமங்களில் பள்ளிக்கூடம் மாலையில் காலியாகத்தானே கிடக்கிறது.

கற்பிப்போர் யார் என்பது அடுத்த கேள்வி. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டை ஜில்லாவைக் கலக்கியபோது, ஊதியமில்லாத பல்லாயிரம் இளைஞர்கள் மரத்தடியிலும், கல்லுடைக்கும் குவாரியிலும் எழுத்தறிவித்தார்கள். ஸ்திரீகள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். எழுத்தைக் காட்டிலும் வெளியே வந்து நாலு பேரோடு உட்கார்ந்ததே பெரிய பாடம் என்று அக்காலத்தைக் கண்டவர்கள் சொல்வதுண்டு. அந்த உற்சாகம் முழுவதும் எங்கே போய்விட்டது? வேப்பூர்ச் சாலையை நேரே கிழக்கே பிடித்துச் சென்றால் விருத்தாசலமும் நெய்வேலியும் கடந்து வடலூர் வருகிறது. அங்கே வள்ளலார் 1867-ஆம் ஆண்டில் பசித்தோர்க்குத் தருமசாலை கண்டதை உலகமெல்லாம் அறியும். வயது பேதம் பாராமல் யாவரும் கற்கச் சன்மார்க்க போதினி என்றொரு பாடசாலையும் கண்டார் என்பதை நினைப்பவர் குறைவு. சோறும் கல்வியும் அவர் பார்வையில் தனித்தனியாக இருக்கவில்லை.

தொழிலுக்கும் இங்கே குறைவில்லை. விருத்தாசலத்துப் பீங்கான் பொருள்களை அறியாதவர் இல்லை. பொம்மை, அகல் விளக்கு, மின்கருவிகளுக்கு வேண்டிய உறுப்புகள் என்று பலவும் அங்குள்ள சிறு தொழிற்கூடங்களில் உருவாகின்றன. தொழிலைக் கற்பிக்க அரசினர் நிறுவனமும் இருக்கிறது. மண் குழம்பைச் சுண்ண அச்சில் ஊற்றி, அது இறுகும்வரை காத்திருந்து, பதமாக எடுத்து, விளிம்பு சீவி, உலர்த்திச் சூளைக்கு அனுப்புவது, படபடப்பு மிகுந்த மனத்துக்கு ஏற்ற நிதானமான வேலை. ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லிவிட வேண்டும். மனம் நொந்தவர்களுக்குக் கூடை முடையவும் மெழுகுவத்தி ஊற்றவும் கற்றுக்கொடுத்துவிட்டு, மறுவாழ்வு ஆயிற்று என்று கணக்கெழுதும் வழக்கம் நம் நாட்டில் நெடுநாளாக உண்டு. கற்கிறவன் கூலிக்காரனுக்குரிய முழுக் கூலி பெறாவிடில், அது கல்வியும் அன்று, வேலையும் அன்று. தொழில் வேண்டியவர் தொழில் கற்கட்டும். கணக்கு வேண்டியவர் கணக்கு. பத்தாம் வகுப்பில் நின்றுபோனவர் மீண்டும் பரீட்சை எழுத விரும்பினால் அதற்கு வழி காட்டுவதுதான் முறை. பட்டியலை மாணவர் தேர்ந்தெடுப்பதில்தான் இதன் உயிர் இருக்கிறது.

முதல் ஆண்டில் நான்கு பாடங்கள் போதுமென்று கருதுகிறோம். மாத்திரையைப் பற்றியது ஒன்று. விருத்தாசலத்து அரசினர் மருத்துவமனையிலிருந்து ஒருவரும், அதே மாத்திரையைப் பல ஆண்டுகள் உண்டு வாழ்பவர் ஒருவரும் இதை நடத்தலாம். தூக்கம், குடி, கவலை ஆகியவற்றைப் பற்றியது ஒன்று. உரிமைகளைப் பற்றியது ஒன்று. குறைபாட்டுச் சான்றும் அடையாள அட்டையும் பெறுவது, சட்டம் என்ன சொல்கிறது, கடன்காரன் வீட்டு வாயிலில் நின்றால் என்ன செய்வது என்பன இதில் வரும். நான்காவது குடும்பத்தாருக்கு. வயதான தாய்மார் தம் பிள்ளையைப் பற்றி ஊரில் யாரிடமும் பேசாமல் இருபது வருஷம் கழித்திருப்பார்கள். அவர்களுக்குப் பாடம் சொல்வதைவிட அவர்கள் பேசுவதைக் கேட்பதற்கே நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

நோயில் மீண்டவர் ஆசிரியராக முன்வருவாரா, ஊர் ஏளனம் செய்யாதா என்று சிலர் கேட்கிறார்கள். செய்யும். முதலில் ஒருவர், இருவரே வருவர். ஆகையால்தான் பாடசாலையின் கதவை யாவர்க்கும் திறந்து வைக்க வேண்டுமென்கிறோம். ஆட்டு வியாபாரியும், பஸ் கண்டக்டரும், பிரசவத்துக்குப் பின் சோர்வுற்ற பெண்ணும், பரீட்சையில் தோற்ற மாணவனும், பயிர் கருகிய விவசாயியும் உள்ளே வருகிற இடத்தில், யார் நோயாளி என்று வாயிலில் நின்று பார்ப்பவனுக்குத் தெரியாது. பைத்தியக்காரர் பள்ளிக்கூடம் என்ற பெயர் அதற்கு ஏற்படாதபடி முதல் மாதத்திலேயே பார்த்துக் கொள்ள வேண்டும்.

இக்காரியத்தைத் தொடங்க வேண்டியவர்கள் யார்? கொடி கட்டவும், கூட்டம் கூட்டவும், வீடு வீடாக ஏறி இறங்கி வாக்குக் கேட்கவும் தெரிந்த நம் தொண்டர்கள்தாம். எந்த வீட்டின் பின்கட்டில் யார் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறார் என்பது வாக்காளர் பட்டியலோடு திரிபவர்களுக்குத் தெரியாத இரகசியம் அன்று. அந்த வீட்டு வாயிலைத் தேர்தல் இல்லாத மாதத்தில் தட்டுவதற்கு எந்தக் கட்சியின் அநுமதியும் வேண்டியதில்லை. எல்லாக் கட்சியாரும் சேர்ந்தே செய்யலாம். ஒருவரும் தம் தலைவரின் படத்தை அங்கே மாட்டாமலிருப்பது நலம்.

நேரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. வகுப்பைச் சந்தை நாளில் வைக்கலாகாது. நடவும் அறுவடையும் நெருக்கும் வாரங்களிலும் வைக்கலாகாது. ஸ்திரீகளுக்குப் பிற்பகலும், ஆடவர்க்கு மாலையும் ஏற்றவை. மாலை மாத்திரை உண்பவர்களுக்குச் சீக்கிரமே கண் சொக்கும்; ஆகையால் ஏழு மணிக்கு முன் முடித்துவிட வேண்டும். சுற்றுக் கிராமங்களுக்குச் செல்லும் கடைசி டவுன் பஸ் எப்போது புறப்படுகிறதென்று விசாரித்துக்கொண்டு, அதற்கு அரைமணி முன்னதாகவே மணி அடிக்கட்டும்.